சோதனைக் கை

மிச்சம், லண்டன்
3 பெப்ரவரி 2024

அன்புள்ள அருள்நேசன் அண்ணைக்கு,

தங்கச்சி லூர்தம்மா எழுதுவது. முழங்கால் குத்தைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள், மச்சாள், பிள்ளை அனோஜினி மூவரும் சுகமென்று நம்புகிறேன். போரில் ஷெல் வெடிச்சத்தத்துக்குக் காதைக் கொடுத்த நாளிலிருந்து போனில் உங்களோடு கதைக்க முடியவில்லை. "ஆர் கதைக்கிறது?" என்று நாலு தரம் கேட்டுவிட்டு மச்சாளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். பிள்ளை வாங்கித் தந்த டச் போனும் பெட்டிக்குள் தூங்குகிறதாம். ஆகவே நமக்குக் கடிதம்தான்.

இந்தக் கிழமை ஒரு அரியண்டத்தைப் பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை தொடங்கி நூற்றிருபத்தைந்து வருடமாம். செப்டம்பரில் கண்காட்சி. ஓய்வுபெறப் போகிற கிழவிதானே என்று, நிலவறைப் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு பொருளுக்கும் நாலு வரி எழுதும் வேலையை டொக்டர் ஹம்சினி என் தலையில் கட்டிவிட்டார். அவர் எங்கள் எக்ஸ்ரே பகுதிக்குப் பொறுப்பான சென்னைப் பிள்ளை.

ஒரு பெட்டிக்குள் வைக்கோலுக்கு நடுவே மெழுகுக் கை. நோயாளியின் கையில் அச்செடுத்து, நிறம் பூசி வைத்திருக்கிறார்கள். தோல் முழுக்க வெடிப்பு, வெடிப்பில் கறுத்த பருக்கள், மரப்பட்டை மாதிரிச் சுருண்ட நகம். சுட்டுவிரலில் முதல் மூட்டு இல்லை. சீ! ஓங்காளித்துக்கொண்டு மேலே ஓடினேன். மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு போன மீன்குழம்புச் சோற்றைத் திறக்கவே இல்லை.

"இது பெல்லமி டொக்டரோட கை அக்கா," என்றார் ஹம்சினி. "எக்ஸ்ரே வந்த புதுசுல தன் கையையே வச்சு வச்சுப் பார்த்து அழிஞ்சுபோச்சு. தியாகின்னு எழுதுங்க."

அந்தக் காலத்து எக்ஸ்ரே குழாய் இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி வேலை செய்யும். காலையில் ஒரு கையை வைத்து, எலும்பு தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துத்தான் நோயாளியைக் கூப்பிடுவார்கள். ஊரில் கன்னியாஸ்திரிகளின் ஆஸ்பத்திரியில் நானும் நீங்களும் தொண்ணூறுகளில் அதைத்தானே செய்தோம்? போரில் பிலிம் வராத பொருளாதாரத் தடைக்காலம், ஜெனரேற்றரில் ஓடிய பழைய மெஷின். நான் சுவிச்சடியில், நீங்கள் திரையடியில். அது நினைவு வந்தது.

உங்கள் கை வெடிப்பு எப்படி? அனுப்பிய கிரீம் கிடைத்ததா? மச்சாளுக்கு என் அன்பு.

தங்கச்சி,
லூர்து

~

பேசாலை, மன்னார்
25 பெப்ரவரி 2024

அன்புத் தங்கச்சி லூர்துக்கு,

மாதாவின் காவலில் இங்கே மூன்று பேரும் சுகம். உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசு. அங்கே கிடைக்காவிட்டால் எழுது, அனுப்புகிறேன்.

கிரீம் வந்தது. நல்ல வாசம். அனோஜினி குதிக்காலுக்குப் பூசித் தீர்த்துவிட்டாள்.

ஒரு பகிடி கேள். புது அடையாள அட்டைக்குக் கைரேகை வைக்கப் போனேன். மெஷின் எடுக்கவில்லை. துடைத்து வைத்தேன், எடுக்கவில்லை. அந்தப் பொடியன் என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, ரேகையே இல்லை, என்ன தொழில்?" என்றான். "கடல்," என்றேன். "வலை இழுத்துத் தேஞ்சுபோச்சு போல," என்று எழுதிக்கொண்டான். டச் போனும் இதனால்தான் என்னை மதிப்பதில்லை. ஆட்களைப் போலத்தான் மெஷினும், வசதியானவனின் விரல் என்றால் உடனே திறக்கும்.

அந்த டொக்டரின் கையைக் கண்டு ஓங்காளித்தாய் என்று எழுதினாய். பாவம், செத்தவன். அறியாக் காலத்தில் அறியாமல் செய்திருப்பான். அவனுக்காக மாதாவிடம் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிடு.

கடவுள் துணை.

உன் அண்ணை

~

மிச்சம்
16 மார்ச் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமென்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கையைப் பற்றிக் கேட்டதற்குக் குதிக்காலைப் பற்றிப் பதில் எழுதினால் என்ன அர்த்தம்?

அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னீர்கள். சொல்லவும் தொடங்கினேன். அதற்குள் அதே பெட்டியின் அடியில் அந்த டொக்டரின் நாட்குறிப்புக் கிடைத்தது. இனி அவனுக்கு ஒரு மந்திரமும் இல்லை.

அந்தக் கை அவனுடையதே இல்லை, அண்ணை. மேபல் என்று ஒரு பிள்ளை. அறை துடைக்க வந்தவள், பதினெட்டு வயது. ஒவ்வொரு காலையும் முதல் வரி அதுதான்: "மேபலின் கை வைத்தோம். எலும்பு தெளிவு." ஆறு வருடம் இப்படியே போகிறது. நான்காம் வருடம்: "வலக்கைப் புண் மணக்கிறது. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன். இடக்கை வைத்தோம்." இடக்கை வைத்தார்களாம்! வாசித்துவிட்டுக் கைகழுவப் போனவள் கால்மணித்தியாலம் தண்ணீரடியிலேயே நின்றேன்.

அறியாமல் செய்தானாம்! இரண்டாம் வருடமே தனக்கு மட்டும் ஈயத்தட்டி செய்வித்து, அதற்குப் பின்னால் நின்றிருக்கிறான். அதையும் அவனே எழுதி வைத்திருக்கிறான். ஓய்வுபெற்ற நாளில் எடுத்த படத்தில் வெள்ளிக் கோப்பையைப் பிடித்திருக்கிறான், பத்து விரலும் முழுசாக. அந்தப் படத்தின் கீழ்தான் "கைகளை ஈந்தவர்" என்று எழுதியிருக்கிறது. கண்டறியாத தியாகி!

ஹம்சினியிடம் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. "ஆமா அக்கா, தப்புதான். ஆனா ஒரு வார்டே அவர் பேர்ல இருக்கு. இப்பப் போய் எதுக்குக் கிளறணும்?" என்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கச் சொல்கிறார்.

உங்கள் கையைப் பற்றி எழுதுங்கள். உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள் எல்லோருக்கும்.

லூர்து

~

பேசாலை
20 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் ஆசீர். தாமதத்துக்குக் குறை நினையாதே. மீன் வெட்டும் கத்தி பட்டு வலக்கையில் சின்னக் கட்டு. எழுத்தும் கோணல்.

உன் கோவம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் பிள்ளை விருப்பத்தோடு வைத்தாளோ என்று நீ யோசிக்கவில்லை. அவர்கள் ஒரே அறையில் ஆறு வருடம் வேலை செய்தவர்கள். நல்லாய்ப் பழகியிருப்பார்கள், சிரித்திருப்பார்கள். சில பேர் கேட்டால் இல்லை என்று சொல்ல மனம் வராது. அதற்காகக் கேட்டவரைப் பேயென்று எழுதிவைப்பதா? உன் ஓய்வு நேரத்தில் உனக்கு ஏன் இந்த விசர் வேலை. எழுதாமல் விடு.

மச்சாள் சுகம். மழை இல்லை.

அண்ணை

~

மிச்சம்
9 மே 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகமென்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

விருப்பத்தோடு வைத்தாளாம். பேய்க்கதை கதைக்காதீர்கள். சம்பளம் தருகிறவன் கையை நீட்டு என்றால் அவள் என்ன செய்வாள்? கடைசி வருடத்தில் அவளுக்குத் தோல் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறான். சரி, கடைசியிலாவது இரக்கம் வந்ததே என்று வாசித்தால் அடுத்த வரி: "நோயாளிகள் முகம் சுளிக்கிறார்கள்." காப்பாற்றக் கொடுக்கவில்லை, மறைக்கக் கொடுத்திருக்கிறான். காலையில் மட்டும் அதைக் கழற்றி வைக்க வேண்டும். தூ!

கண்ணாடித் தகட்டுப் படங்களும் இருக்கின்றன. வருட வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். இடக்கைக்கு மாறும்வரை ஒரே வலக்கை. முதலாம் படத்தில் ஐந்து விரல், அடியில் வடிவான எலும்பு. கடைசிப் படத்தில் நாலும் ஒரு குறையும். டிராமில் வீட்டுக்கு வரும்போது கம்பியைப் பிடித்திருந்த என் கையை நானே பார்த்துக்கொண்டு வந்தேன். அறுபதை எட்டப் போகிற கை, ஒரு புள்ளி இல்லை.

எங்களிடமும் ஒரு சோடி ஈயக் கையுறை இருந்தது. அதை விடுங்கள்.

எந்த மீன், எந்தக் கத்தி? நாற்பது வருடமாக அந்த வீட்டில் மீன் வெட்டுவது மச்சாள். நீங்கள் தின்பது மட்டும். உங்கள் கையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

லூர்து

~

மிச்சம்
22 ஜூன் 2024

அண்ணைக்கு,

ஆறு கிழமை ஆகிறது, ஒரு வரி இல்லை. மச்சாளிடம் போனில் கேட்டால் "சுகம், சுகம்" என்று குரலை ஏற்றுகிறா. அனோஜினி எடுப்பதில்லை. படமும் வரவில்லை.

ஹம்சினிக்கு நாலு வரி எழுதிக் கொடுக்க உட்காருகிறேன். "கேட்டவர் அறிந்திருந்தார்" என்று எழுதுகிறேன், அதற்குமேல் பேனை ஓடுவதில்லை.

சுகமோ சுகமில்லையோ, உண்மையை எழுதுங்கள்.

லூர்து

~

பேசாலை
30 ஜூன் 2024

அன்புள்ள மாமிக்கு,

அனோஜினி எழுதுகிறேன். உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறோம். போனில் சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு டிலுக்சன் அண்ணா லண்டன் திரும்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அப்பாவுக்குத் தெரியாது.

அப்பாவுக்கு வலக்கையில் இரண்டு வருடமாகப் புண். துணி சுற்றிக்கொண்டே இருப்பார். துணியை அவரே தோய்ப்பார், எங்களைத் தொட விடமாட்டார். சாப்பிடும்போது மணம் வரும். அம்மா வேறு பக்கம் திரும்பிச் சாப்பிடுவா. எனக்கும் அருவருப்பு வந்தது மாமி, சொந்த அப்பாவிடம். அதை நினைத்து அழுதிருக்கிறேன்.

எல்லா டொக்டரிடமும் அவர் சொன்ன தொழில் கடல். அவர்களும் உப்புத் தண்ணியும் வெயிலும் என்று நினைத்துக் களிம்பு கொடுத்தார்கள். மே மாதம் கொழும்பில் சதை வெட்டிச் சோதித்தார்கள். புற்றுநோய். இரண்டு விரலை எடுக்க வேண்டும். அங்கே ஒரு டொக்டர் நகங்களைப் பார்த்துவிட்டு, "இது வெயில் புண் இல்லை. எக்ஸ்ரேயோடு வேலை செய்தீர்களா? உண்மையைச் சொன்னால்தான் மற்ற விரல்களை எவ்வளவு தூரம் சோதிப்பது என்று எனக்குத் தெரியும்," என்று கேட்டார். அப்பா, "இல்லை. கடல்," என்றார். வீட்டுக்கு வந்துவிட்டார். திரும்பிப் போகமாட்டேன் என்கிறார்.

நான் சண்டை பிடித்தேன். அப்போதுதான் சொன்னார்: "எக்ஸ்ரே எண்டு எழுதினால், ஆர் மெஷினை ஓட்டினது எண்டு கேப்பினம். அவளின்ர பேர் வரும். லண்டனில அவளுக்கு வேலை போகும், மரியாதை போகும். ரிட்டயர் பண்ணுற நேரத்தில அவளுக்கு அந்தக் கறை வேண்டாம்."

இரண்டு வருடம் அவர் கடல் என்று சொன்னது உங்களுக்காக. நீங்கள் சொன்னால்தான் கேட்பார்.

உங்கள் மருமகள்,
அனோஜினி

~

மிச்சம்
10 ஜூலை 2024

என் அண்ணைக்கு,

சுகம் விசாரிக்க வெட்கமாக இருக்கிறது. பிள்ளையை ஏசாதீர்கள். எனக்கு எல்லாம் தெரியும்.

நீங்கள் எழுதாததை நான் எழுதுகிறேன். கூரியரில் வரும் இந்தக் கடிதத்தை அப்படியே அந்த டொக்டரிடம் கொடுங்கள். கீழே என் முழுப்பெயரும், பதிவு இலக்கமும், விலாசமும், கையொப்பமும் இருக்கின்றன.

தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றைந்து வரை ஆறு வருடம், ஒவ்வொரு காலையும், "அண்ணை, கையை வையுங்கோ," என்று சொன்னது நான். ஜெனரேற்றர் கரண்ட் ஏறி இறங்கும், கை வைக்காமல் மெஷினைச் சரிக்கட்ட எனக்குத் தெரியாது. இருட்டறைத் திரையில் உங்கள் எலும்பு பச்சையாகத் தெரியும். நீங்கள் விரலை மடக்கி நாய்முகம் காட்டுவீர்கள். நான் சிரிப்பேன். பிறகு ஷெல் துண்டு ஏறிய பிள்ளைகள் வரும். சிஸ்டர் துண்டைத் தேடி எடுக்கும்வரை, அரைமணித்தியாலம் ஒரு மணித்தியாலம், அந்தப் பிள்ளைகளின் காலையும் கையையும் கதிருக்குள் பிடித்திருந்தது உங்கள் வெறுங்கை.

ஈயக் கையுறை ஒரு சோடி. அதைப் போட்டிருந்தது நான். சுவிச்சடியில் நின்றவளுக்குக் கையுறை எதற்கு? எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், கை கறுத்துவிடும் என்று பயம். மெஷினோடு வந்த புத்தகம் இங்கிலீசில். நம் இருவரில் அதை வாசிக்கத் தெரிந்தது எனக்கு மட்டும். கதிருக்குள் வெறுங்கையை வைக்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. வாசித்தேன். மூடி அலுமாரிக்குள் வைத்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை.

ஐந்து மாதமாகச் செத்துப்போன ஒரு வெள்ளைக்காரனைத் தூ தூ என்று துப்பினேன். துப்பியது முழுக்க என் முகத்தில்தான் விழுந்திருக்கிறது. எனக்கு என்னில்தான் ஓங்காளம்.

என் மரியாதையைக் காப்பாற்ற ஒரு விரலும் கொடுக்காதீர்கள். நாளைக்கே கொழும்புக்குப் போங்கள். எக்ஸ்ரே என்று சொல்லுங்கள். என் பேரைச் சொல்லுங்கள்.

லூர்தம்மா

~

பேசாலை
19 ஓகஸ்ட் 2024

அன்புத் தங்கச்சி லூர்துக்கு,

அண்ணை சொல்ல அனோஜினி எழுதுகிறாள். பயப்படாதே, உயிரோடு இருக்கிறேன். மடு மாதாவின் திருநாளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டாடினேன்.

உன் கடிதத்தை டொக்டர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு மற்ற விரல்களையும் சோதித்தார். மோதிரவிரலிலும் தொடங்கியிருந்ததாம், வெளியே ஒன்றும் தெரியவில்லை. மூன்று விரல் எடுத்தார்கள். இன்னும் நாலு மாதம் போயிருந்தால் மணிக்கட்டோடு போயிருக்கும் என்றார். லண்டனுக்கு ஒன்றும் எழுதவில்லை. உன்னைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் பிழை. அந்தக் கையுறையை உனக்குப் போட்டுவிட்டதே நான்தான். "நீ பொம்பிளைப் பிள்ளை, நீ போடு," என்று சொன்னேன். உனக்கு மறந்துபோயிருக்கும். மனதைப் போட்டு வருத்தாதே.

கடவுள் துணை.

அண்ணைக்காக,
அனோஜினி

~

மிச்சம்
7 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் உடம்பு தேறுவதற்காக ஞாயிறு பூசையில் ஒப்புக்கொடுத்தேன். பூசையில் உட்கார எனக்குத்தான் தகுதியில்லை.

கண்காட்சி தொடங்கிவிட்டது. நாலு வரியையும் எழுதிக் கொடுத்தேன். இது டொக்டரின் கை அல்ல, மேபலின் கை, கேட்டவர் அறிந்திருந்தார் என்று. ஹம்சினி வாசித்தார். "சரி அக்கா, இதையே வைப்போம்," என்றார். உண்மையாகவே நின்று சண்டை பிடித்தார். ஆனால் மேலிடத்தில் இருந்தவர்கள் கையைப் பார்த்துவிட்டு, பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று சொல்லித் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மேபலுக்கு இரண்டாம் தரமும் கையுறை போட்டாயிற்று. எனக்கு வைத்த பிரியாவிடைக்கு நான் போகவில்லை.

அண்ணை, நீங்கள் கையுறையைப் போட்டுவிடவில்லை. ஆஸ்பத்திரித் தலைவி மதர் அதை மேசையில் வைத்து, "கை வைக்கிற ஆளுக்கு," என்று சொல்லிவிட்டுப் போனா. நீங்கள் கை நீட்டினீர்கள். அதற்கு முன் நான் எடுத்துவிட்டேன். எனக்கு மறக்கவில்லை. உங்களுக்கும் மறந்திருக்காது. என் பேருக்கு இனிப் பொய் சொல்லாதீர்கள்.

லூர்து

~

பேசாலை
6 ஒக்டோபர் 2024

தங்கச்சி லூர்து,

சுகம். இது என் இடக்கை எழுத்து. இதைப் பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்க எனக்கு விருப்பமில்லை. மூன்று நாளாக எழுதுகிறேன்.

ஓம். நீதான் எடுத்தாய். நான் கை நீட்டினதை நீ கண்டாயோ இல்லையோ என்று முப்பது வருடம் யோசித்தேன். கண்டிருக்கிறாய்.

ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டு நின்றேன், லூர்து. "அண்ணை, இண்டைக்கு நீங்கள் போடுங்கோ" என்று ஒரு நாளாவது சொல்லுவாய் என்று. சொல்லியிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் நீ சொல்லவில்லை. புண் வந்தபோது உன்னில் எனக்குப் பொல்லாத கோவம். அந்தக் கோவத்தை ஆரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்றுதான் கடல் கடல் என்று சொல்லித் திரிந்தேன். உன் மரியாதைக்காக மட்டும் இல்லை.

இப்ப எழுதிவிட்டேன். நெஞ்சு கொஞ்சம் லேசு.

டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு வா. நான் துணி சுற்றிக்கொள்ள மாட்டேன். தையல் பிரித்த அன்று உன் மச்சாள் முகத்தைத் திருப்பினாள், பிள்ளையும் திருப்பினாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ திருப்பக் கூடாது. பக்கத்தில் இருந்து, கையில் எடுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

உன் அண்ணை